துபாயில் இல்லாத ஒருவர்

அரியலூர் கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பான அன்று, வெளியே பைக்கை எடுத்துக்கொண்டிருந்தவர், பழக்கத்தில் என்னைப் பார்த்து, "பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டுப் போவட்டுமா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் போய்விட்டார். எட்டு வருஷக் கல்யாணம் அத்தோடு முடிந்தது. குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்து அலைந்து, கடைசியில் எங்களுக்குள் பேச்சும் இல்லாமல் போயிருந்தது.

மீன்சுருட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் வரும் நாளில் அம்மா என்னிடம், "நீ இன்னக்கி ஜெயங்கொண்டம் போயி ஏதாச்சும் வாங்கிட்டு வாயேன்" என்றாள். என்ன வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாலைவரை அங்கே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன் லேப் டெக்னீஷியன் படித்திருந்தேன். அதை வைத்துப் பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை தேடிக்கொண்டேன்.

வீடு பார்க்க அம்மாவும் வந்தாள். பஸ்ஸில் பையைத் திறந்து, மஞ்சள் கட்டிய தாலிக்கயிறு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"சும்மா கழுத்துல கெடக்கட்டும். இல்லாட்டி எவ வூடு குடுப்பா?"

முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் நானே அதைக் கட்டிக்கொண்டேன்.

மாடியில் ஓர் அறையும் சமையலறையும் இருந்தன. வீட்டுக்கார அம்மா கீழே குடியிருந்தார். "வூட்டுக்காரரு என்ன பண்றாரு?" என்று கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்: "துபாயில இருக்காருங்க. வர ரெண்டு வருஷம் ஆவும்." சாவி கைக்கு வந்தது.

முதல் சில மாதங்கள் நான் சமைக்கவே இல்லை. ஒருத்திக்காக அடுப்பு பற்ற வைப்பது வீண் என்று தோன்றியது. டீயும் பிஸ்கட்டும் போதுமாக இருந்தது. தலைக்குக் குளித்தால் முடி கொத்தாக வந்து குளியலறைத் துவாரத்தை அடைத்தது. ஒரு நாள் லேபில் ஆள் இல்லாத நேரத்தில் என் ரத்தத்தை நானே எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது. வழக்கப்படி ரிப்போர்ட் அடித்துக் கவரில் போட்டேன். கவரை வாங்கிக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

நான் படியேறும்போது மூச்சு வாங்குவதை வீட்டுக்கார அம்மா கவனித்திருக்கிறார். "என்னா இப்புடி வெளுத்துப் போயிட்ட? அவரு வந்து பாத்தா என்னையில்ல கேப்பாரு" என்று சொல்லி முருங்கைக்கீரைப் பொரியலும் சோறும் மேலே கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. சாப்பிட்டேன். உடம்பு தேறியது. தூக்கமும் வந்தது. ஆனால் ஒவ்வொரு கவளமும் துபாயில் இல்லாத ஒருவரின் மனைவிக்கு வந்த சோறு என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வீட்டுக்கார அம்மாவின் மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். முதல் நாள் அவர் மாடிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கி நீயும் வந்து வளையல் போடணும். அந்த ராசி, அவரு வந்ததும் ஒனக்கும் ஒண்ணு தங்கும்."

அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அவரு துபாயில இல்லீங்க. அரியலூர்லதான் இருக்காரு. எங்களுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு."

என் கழுத்தைப் பார்த்தார். "அப்ப இது?"

"அம்மா போடச் சொன்னாங்க."

கையை விட்டுவிட்டார். "புள்ளத்தாச்சி பொண்ணு இருக்கற வூடு. சொல்லாம கொள்ளாம நீ வந்து போட்டிருந்தா என்னா ஆவறது?"

"அதாங்க சொல்லிட்டேன்."

"மாசக் கடைசிக்குள்ள வேற வூடு பாத்துக்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மறுநாள் கீழே சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்டன. கலவைச் சாத வாசனை மாடிவரை வந்தது. ஒரு தட்டாவது மேலே வரும் என்று மதியம்வரை காத்திருந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அன்று மாலை கயிற்றை அவிழ்த்துக் குப்பை வண்டியில் போட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஒரு பொய்யக் காப்பாத்தத் தெரியல ஒனக்கு. குடும்பத்த எப்புடிக் காப்பாத்தியிருப்ப?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பின் மூன்று மாதம் நாங்கள் பேசவில்லை.

இந்த முறை தனியாக வீடு தேடினேன். கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னேன். ஒருவர் பாதி திறந்த கேட்டை அப்படியே மூடினார். இன்னொரு அம்மா, "ஒங்கள மாதிரி ஆளுங்களுக்கு நாங்க குடுக்கறதில்ல" என்றார். கடைசியில் துறைமங்கலம் பக்கம் ஓர் உரக்கடைக்காரர், கடைக்கு மேலே இருந்த வீட்டைக் காட்டினார். பூச்சிமருந்து நெடிக்கு அங்கே குடும்பங்கள் யாரும் தங்குவதில்லை.

"யாரும் வந்து போவக் கூடாது. அண்ணன் தம்பின்னு சொல்லிக்கிட்டும் வரக் கூடாது."

"சரிங்க."

அந்த 'சரிங்க'வைச் சொன்னதற்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆனால் அந்த வீட்டில்தான் அடுப்பு பற்ற வைத்தேன். அளவு தெரியாமல் பல நாள் சோறு மிஞ்சியது. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கப் பழகினேன். தலைவலி மட்டும் போகவில்லை. நெடியாலா, வேறு எதனாலாவதா என்று தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்காவது போக வேண்டும் போலிருந்ததால், பஸ் ஏறி ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனேன். மேலே ஏறி நிழலில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, கணவனோடு நிற்கப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லிப் போனை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நீங்க யாரு கூட வந்தீங்கக்கா?"

"யாரும் இல்ல. தனியாத்தான் வந்தேன்."

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை.