கோணல் சால்

எங்கள் அப்பாவுக்குக் கோணல் என்றால் ஆகாது. என் நோட்டில் ஒரு வரி சாய்ந்து ஓடினாலும் காதைத் திருகி மறுபடி எழுத வைப்பார். அப்படிப்பட்ட மனிதர், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு சித்திரை முதல் தேதியன்று, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கொட்டாம்பட்டி வட்டாரத்தில் யாரும் போடாத ஒரு கோணல் கோட்டைப் போட்டார். அன்று எனக்கு வந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

வருடப் பிறப்பன்று எங்கள் ஊரில் நல்லேர் பூட்டுவார்கள். கம்மாய்க் கரையை ஒட்டிய பொதுப் புஞ்சையில், நிலம் உள்ளவர்கள் எல்லாரும் மாடு பூட்டி வரிசையாக நிற்பார்கள். ஊர்ப் பெரியவரின் கலப்பைதான் முதல் சால், அதாவது முதல் உழவுக் கோடு, கிழிக்கும். மற்ற ஏர்கள் எல்லாம் அந்தச் சால் போன வழியிலேயே போக வேண்டும். அதை அழித்துவிட்டு வேறு சால் போட்டால் அந்த வருடம் மழை கிடையாது என்று ஊரில் பயம். நிலம் உள்ள எவரும் ஏர் கொண்டு வரலாம் என்பதும் ஊர்க்கட்டுதான். ஆனால் எங்கள் தெருவில் யார் கைக்கும் நிலம் வராமல் ஊர் பார்த்துக்கொண்டதால், அந்தக் கட்டுக்கு வேலையே இருக்கவில்லை.

ஒரே ஒரு தடவை வேலை வந்திருக்கிறது. என் தாத்தா எப்படியோ ஒரு துண்டு நிலம் வாங்கி, நல்லேருக்குக் கலப்பையோடு போய் நின்றாராம். மாடுகளை அவிழ்த்து விரட்டி, கலப்பையை உடைத்து, அதன் நுனியில் இருந்த இரும்புக் கொழுவைக் கழற்றிக் கம்மாய்த் தண்ணீரில் எறிந்தார்களாம். இரண்டு வருடத்தில் நிலமும் போயிற்று. அந்தக் கொழு மட்டும் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சாக்குக்குள் கிடந்தது. கம்மாய்க்குள் போனது பரணுக்கு எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் கிடக்கிற சாமான் வீட்டில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா கல் குவாரியில் பன்னிரண்டு வருடம் பாறை உடைத்து அரை ஏக்கர் வாங்கினார். பட்டா கைக்கு வந்ததும் ஊர்ப் பெரியவரிடம் போய்க் கேட்டார். காலம் மாறியிருந்தது, மறுத்தால் எங்கெங்கே மனுப் போகும் என்று பெரியவருக்கும் தெரியும். "வா. ஆனா கடேசில நில்லு" என்றாராம். அப்பாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம். புதுக் கலப்பை செய்யச் சொன்னார். புதுக் கொழு வாங்கக் கிளம்பியபோதுதான் அப்பாவின் அக்கா, என் அத்தை, வாசலில் வந்து நின்றார்.

"பழைய கொழுவப் போடு தம்பி."

"நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்குக்கா? புது வருசம், எல்லாம் புதுசாவே இருக்கட்டும்."

"மரம் புதுசா இருக்கட்டும். இரும்பு அதுதான்."

இரண்டு நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பா பரணில் ஏறினார்.

அடுத்த சிக்கல் மாடு. எங்களிடம் இருந்தது ஒற்றைச் செவலை. ஜோடிக்கு மாடு பிடித்துத் தருகிற பொறுப்பை அம்மாவின் அண்ணன் ஏற்றுக்கொண்டார். மாமா ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டாலே அம்மா சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிடுவார். மாமா வருடப் பிறப்பன்று காலையில்தான், அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சிநேகிதரின் கறுப்பு மாட்டை டெம்போவில் கொண்டு வந்து இறக்கினார். திமில் மலை மாதிரி இருந்தது. கொம்பு இரண்டும் சீவி எண்ணெய் போட்டிருந்தது.

"மச்சான், இது உழவு மாடா?" என்றார் அப்பா.

"என்ன மாப்ள இப்புடிக் கேட்டுட்டீக? இம்புட்டுச் சாதுவான மாட்ட நான் பாத்ததே இல்ல."

அந்தச் சாது இரண்டு ஜல்லிக்கட்டில் யார் கையிலும் சிக்காமல் பீரோவும் அண்டாவும் பரிசு வாங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது.

புஞ்சையில் எங்களுடையது இருபத்து மூன்றாவது ஏர். நான் விதைப் பெட்டியைச் சுமந்துகொண்டு அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். அப்பாவின் கழுத்தெல்லாம் வேர்வை. "இந்த ஒரு சுத்து ஒழுங்காப் போயிட்டா போதும், தாயி" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். எதுவும் தப்பாகிவிட்டால் எங்கள் தெருவிலிருந்து இன்னொரு ஏர் எப்போதும் வராது என்று எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

பூசாரி சூடம் ஏற்றினார். தேங்காய் உடைந்தது, கொட்டு முழங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள். வாடிவாசல் திறந்துவிட்டது என்று கறுப்பு மாடு முடிவு செய்துகொண்டது.

செவலையையும் இழுத்துக்கொண்டு அது பாய்ந்தது. "விட்ருய்யா, கைய விட்ரு!" என்று கத்தினார்கள். அப்பா விடவில்லை. கலப்பையை மண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓடினார், விழுந்தார், முழங்காலில் இழுபட்டார், எழுந்து மறுபடி ஓடினார். இருபத்திரண்டு ஏருக்கும் முன்னால் குறுக்கே புகுந்து, பனைமரத்தை ஒரு சுற்று சுற்றி, கம்மாய்த் தண்ணீரில் முன்னங்கால் வைத்த பிறகுதான் மாடு நின்றது. நின்றதும் சாவகாசமாகத் தண்ணீர் குடித்தது.

கொட்டு நின்றுபோனது. பெரியவரின் கலப்பை இன்னும் மண்ணைத் தொடவே இல்லை.

"அழிச்சுட்டு நம்ம ஓட்டுவோம்ப்பா" என்று பெரியவரின் மகன் முன்னால் வந்தார்.

"முதச் சாலு விழுந்துருச்சு" என்றார் பூசாரி. "அழிச்சிட்டா மழைக்கு யாரு பதில் சொல்றது? நீங்க சொல்றீகளா?"

பெரியவர் வானத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி வானத்தைப் பார்த்தார். பிறகு தன் மாடுகளை எங்கள் சாலுக்குத் திருப்பினார்.

அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மற்ற இருபத்தொரு ஏரும் வந்தன. அப்பா விழுந்த இடத்தில் வளைந்து, எழுந்த இடத்தில் நிமிர்ந்து, பனைமரத்தை ஒரு சுற்று சுற்றிக் கரை வரைக்கும் வந்தன. எங்கள் தெரு மேட்டில் நின்று வாயைப் பிளந்து பார்த்தது. முதலில் அத்தை மட்டும் குலவை போட்டார். அதைக் கேட்டு எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் போட்டார்கள். கொட்டுக்காரர்களுக்கும் கை சும்மா இருக்கவில்லை.

"நாந்தான் சொன்னேன்ல மாப்ள, சாதுன்னு!" என்றார் மாமா.

அந்த வருடம் நல்ல மழை. பெய்ய வைத்ததே தான்தான் என்று மாமா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லித் திரிந்தார். டீக்கடையில் எங்களுக்குத் தனிக் கிளாஸ் அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தது. ஆனால் அடுத்த சித்திரையில் எங்கள் தெருவிலிருந்து மூன்று ஏர் போனது. யாரும் கடைசியில் நிற்கச் சொல்லவில்லை.

எனக்கோ அன்று முழுக்க வெட்கம். அப்பா இப்படிக் கோணிவிட்டாரே, பள்ளிக்கூடத்தில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று கரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா உள்ளங்கை உரிந்து, இரத்தமும் சிரிப்புமாக நின்றார். அத்தை கலப்பையிலிருந்து கொழுவைக் கழற்றி, கம்மாயில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் கழுவினார். கொழுவின் ஒரு முனையை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கழுவினார். அழுதுகொண்டும் இருந்தார்.

"இரும்பு என்ன நீந்தியா போயிரும், அத்த?" என்று நான் கேலி செய்தேன். அத்தையும் சிரித்தார்.

தாத்தாவின் கொழுவைத் தண்ணீரில் எறிந்த பிறகு, ஒரு சின்னப் பிள்ளை யாருக்கும் தெரியாமல் மூன்று நாள் அந்த இடத்தில் முங்கி முங்கிச் சேற்றைத் துழாவி அதை எடுத்து வந்ததாம். அத்தை இறந்த பிறகு அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது அத்தைக்குப் பத்து வயது.