ஹைன்ரிஷ் வீட்டாரும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகப் போனவன் நான். எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

அண்ணன் கோவில்பட்டியில் என் பெரியப்பாவின் மூத்த மகனாகப் பிறந்தார். என் அப்பாவுக்கு இரண்டு அண்ணன்மார். மூன்று வீட்டிலும் மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயர்தான். ஒருவரைக் கூப்பிட்டால் மூவரும் போய் நிற்போம்.

அண்ணன் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, மின்வாரியத்தில் பொறியாளர் ஆனார். அண்ணி காலமான பின், நியூ ஜெர்ஸி மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் மகன் பிரபுவிடம் போனார். காலையில் எல்லோரும் கிளம்பிவிட்டால் மாலை வரை அவர் மட்டும்தான். கார் ஓட்டத் தெரியாது. பெயர் சொல்லி அழைக்கவும் ஆளில்லை. வீட்டில் அப்பா, தாத்தா, கோயிலில் அங்கிள். மருத்துவமனையில், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகப் போட்டிருக்கும் பெரியப்பாவின் பெயரைக் கூப்பிடுவார்கள்.

"செத்துப்போன அப்பாவக் கூப்பிடுறாங்க, நான் எந்திரிச்சுப் போறேன்டா" என்றார்.

அப்போது நான் ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குன்றின் மேல் அரண்மனை. ஒரு காலத்தில் சிறிய சமஸ்தானம். அந்த அரச குடும்பத்தில் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர், அடையாளத்துக்கு ஓர் எண். அரியணை ஏறியவருக்கு மட்டுமல்ல, தொட்டில் பிள்ளைக்கும் எண் உண்டு. போனில் இதைச் சொன்னேன். அண்ணி போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"நம்ம வீடு மாதிரில்லடா இருக்கு! ராஜ்யம் இன்னும் இருக்கா?"

"அது போயி நூறு வருசத்துக்கு மேல ஆச்சுண்ணே. நம்பர் மட்டும் விடாமப் போடுறாங்க."

"அப்ப நாமளும் போடுவோம். நான் ஒண்ணு. நடுவுளவன் ரெண்டு. நீ மூணு."

இரண்டாவது பெரியப்பாவின் மகனான நடு அண்ணன் அப்போதே உயிருடன் இல்லை. ஆனாலும் அவர் எண்ணை அவருக்கே வைத்தார். அதன்பின் போன் எடுத்தால் "ஒண்ணு பேசுறேன்" என்றுதான் தொடங்குவார். அந்தக் குடும்பத்தைப் பற்றித் தேடித்தேடிப் படித்தார். "அங்கிள், உங்க ஜெர்மன் சொந்தக்காரங்க சவுக்கியமா?" என்று நியூ ஜெர்ஸியின் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் நண்பர்கள் கேலி செய்வார்களாம். அவருக்கு அது பிடித்திருந்தது.

ஒரே கவலைதான் அவருக்கு. நடு அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. நான் கல்யாணமே செய்யவில்லை. பிரபுவுக்கு ஒரே மகள், அனு. எண் மூன்றோடு நின்றுவிடும்.

ஒருநாள் நாங்கள் பேசுவதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அனு, "தாத்தா, வாட்ஸ் மை நம்பர்?" என்றாள்.

"அந்த வீட்டுல பொம்பளப் பிள்ளைகளுக்கு நம்பர் கிடையாதும்மா."

"தட்ஸ் நாட் ஃபேர்! நம்ம வீட்ல?"

அண்ணன் எங்கள் மூவரையும் வாய்விட்டு எண்ணினார்.

"நாலு" என்றார்.

கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்க எனக்கு விசா கிடைக்கவில்லை. சடங்குகளைப் போனில்தான் பார்த்தேன். அவரைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட பிரபுவுக்கும் மருமகளுக்கும், மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப்போன அண்டை வீட்டாருக்கும், அவரோடு சிரித்த கோயில் நண்பர்களுக்கும் என் கைகூப்பிய நன்றி.

போன வாரம் அண்ணனின் கைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். பழக்கத்தில், அவர் பேசட்டும் என்று நின்றேன்.

"சின்னத் தாத்தா, நாலு பேசுறேன்."

"மூணு கேக்குறேன். சொல்லும்மா" என்றேன்.