ருஷ்ய மொழி தெரியாத ஷர்பானு எம்.பி. ஆனது

மங்கோலியாவிலிருந்து கசாக்ஸ்தானுக்குக் குடிவந்தபோது ஷர்பானுவுடன் லாரியில் வந்தவை ஒரு கணவன், இரண்டு பெட்டி, அடுத்த ஊர்வரை கேட்கும் ஒரு குரல். சொந்த இனத்தார் நாடு, சொந்த மொழி என்று நம்பி வந்தாள். இறங்கிய வட்டாரத்தில் கசாக்குகளே ருஷ்ய மொழியில்தான் சண்டை போட்டார்கள். பல வருடம் சந்தையில் உலர்தயிர் உருண்டை விற்றும் அவளுக்கு ஏறிய ருஷ்யச் சொற்கள் ‘வாங்க’, ‘புதுசு’, ‘குறையாது’ மட்டுமே.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. மாவு ஆலை முதலாளி தாமிர் எர்கேனவிச், ஷர்பானு மாதிரி ருஷ்ய மொழி தெரியாமல் குடிவந்தவர்கள் நிறைந்த ஊர்களில் ஓட்டுக் கேட்டு வந்தார். அவரும் கசாக்தான், கசாக் மொழி ஒரு வார்த்தை வராது. கூடவந்த மொழிபெயர்ப்பாளருக்கு வழியிலேயே வயிறு கெட்டுவிட்டது. “ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்க யாரு?” என்று டிரைவர் தோலேகென் கேட்டதும், குரல் பெரிதாக இருக்கிறதே என்று ஜனங்கள் ஷர்பானுவை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

“அடியே, உனக்கு உருண்டை விக்கிற அளவுக்குத்தானே ருஷ்ய பாஷை தெரியும்?” என்று கணவன் மிசாம்கான் பதறினான்.

“பேசாம இருங்க. அவர் மூஞ்சியப் பாத்தாலே என்ன சொல்றாருன்னு தெரியுது.”

தாமிர் கோதுமை ஏற்றுமதி பற்றிப் பேசினார். ஷர்பானு, “நம்மூருக்கு பஸ் விடுறாராம்!” என்றாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவர் வரிச்சலுகை பற்றிச் சொன்னார். “பள்ளிக்கூடத்துல குளிர்காய அடுப்பும் நிலக்கரியும் தர்றாராம்!” அவர் இருமிவிட்டு மன்னிப்புக் கேட்டார். “நம்மளை மனுசனா மதிக்காம இருந்ததுக்கு மன்னிப்புக் கேக்குறாரு!” கிழவிகள் அழுதார்கள்.

இப்படியொரு வரவேற்பைத் தாமிர் கண்டதில்லை. ஷர்பானுவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இரண்டு மொழியும் தெரிந்தும் மேடைக்குப் பயந்து அதை மறைத்திருந்த தோலேகெனுக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் இவ்வளவு சிரித்ததில்லை.

அந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசிக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, சுத்தமான ருஷ்ய மொழியில், “அந்த பஸ் என்னைக்கு வரும்?” என்று கேட்டார்.

“எந்த பஸ்?” என்றார் தாமிர்.

விஷயம் வெளிப்பட்டது. தாமிர் மாவு மாதிரி வெளுத்து, பிறகு பீட்ரூட்டாகச் சிவந்து ருஷ்ய மொழியில் கத்தினார்.

“என்னப்பா சொல்றாரு?” என்று ஷர்பானு தோலேகெனைக் கேட்டாள்.

“அவ்வளவு தெரிஞ்சவ நீயே நிக்க வேண்டியதுதானேன்னு கேக்குறாரு, அக்கா.”

“நல்ல மனுசன். சரின்னு சொல்லு.”

மனுப் போட இன்னும் ஒரு நாள் இருந்தது. நின்றாள். ஜெயித்தாள்.

நாடாளுமன்றத்தில் காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் ருஷ்யப் பேச்சையெல்லாம் கசாக்கில் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட ஷர்பானு நம்பவில்லை. “நான் பண்ணாததா?” என்று முணுமுணுத்துக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, பேசுகிறவர் முகத்தைப் பார்த்தே ஓட்டுப் போட்டாள். கண் சிமிட்டாமல் பேசினால் எதிர்ப்பு. சளி பிடித்திருந்தால் ஆதரவு.

போக்குவரத்து அமைச்சரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்தாள். மங்கோலியா வழக்கப்படி பால் தேநீரில் உப்பு அள்ளிப் போட்டாள். சர்க்கரைத் தேநீருக்குப் பழகிய அமைச்சர் மரியாதைக்காக ஒரே மூச்சில் குடித்தார். பிடித்துவிட்டதென்று நினைத்து அவள் மறுபடி ஊற்றினாள். நான்காவது கிண்ணத்தில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்?”

“எனக்கென்னங்க வேணும்? நீங்க இன்னொரு கிண்ணம் குடிங்க. ஊருக்குத்தான் ஒரு பஸ்...”

“விட்டாச்சு! நாளைக்கே விட்டாச்சு!”

பஸ் வந்தது. பனிக்காலத்தில் டிராக்டர் கட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பஸ் பஸ்தான்.

அடுத்த தேர்தலில் அவள் நிற்கவில்லை. தலைநகரில் பால் தண்ணீராக இருக்கிறதாம். ஊர் திரும்பி மூன்று மாடு வாங்கினாள். ஊரே அவளை ‘எம்.பி. அம்மா’ என்று கூப்பிட்டது. மிசாம்கான் மட்டும் வழக்கம்போல ‘அடியே’தான். பனி கொட்டும் காலையில் பால் கறக்கும் நேரம் வந்தால் மட்டும் போர்வைக்குள்ளிருந்து மிகுந்த மரியாதையோடு குரல் வரும்:

“எம்.பி. அம்மா, மாடு கத்துதுங்க!”