அந்தோணி அண்ணனுக்காக ஸ்டெல்லா அக்கா வைத்த கடல் தொட்டி

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்...

இப்போதுதான் அவர் மகள் மேரி ஈப்போவிலிருந்து போன் செய்து சொன்னாள். காலையில் எழுப்பப் போயிருக்கிறாள். எழவில்லை.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஆனாலும் எழுதாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நானும் அக்காவும் ஆபரேட்டர்கள். பக்கத்துப் பக்கத்து சீட். அக்கா பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் பிறந்தவர். கடல் பக்கத்து ஆள்.

அவர் கணவர் அந்தோணி அண்ணன் ஈயச் சுரங்கத்தில் எலக்ட்ரிஷியன். அங்கே மண் சரிந்து, கூட வேலை செய்த நண்பர் இவர் கண் முன்னாலேயே புதைந்து போனார். அன்றோடு அண்ணனின் பேச்சு நின்றுவிட்டது.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் பல மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்தும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வார்டில் ஒரு சின்ன மீன் தொட்டி இருந்ததாம். அதன் முன்னால் மட்டும் போய் நிற்பார் என்று ஒரு நர்ஸ் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான். அக்கா முடிவு செய்துவிட்டார்.

"சாதா மீனு வேணாம் சரசு. கடல் மீனு வளக்கப் போறேன். அவருக்குக் கடலுன்னா உசுருலா."

ஈப்போவில் கடல் ஏது? கடலோர லூமுட்டிலிருந்து அக்காவின் தம்பி வேனில் பிளாஸ்டிக் தோங்கு பீப்பாய்களில் கடல் தண்ணீர் வந்தது. பவளக் கல் வந்தது. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஜோடி ஒன்று, அது ஒளிந்துகொள்ள ஒரு கடல் சாமந்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கடல் தண்ணீர் சீக்கிரம் கெட்டுவிடும். அதற்கு ஸ்கிம்மர் வேண்டும். தொட்டிக்குள் நிற்கும் ஓர் உயரமான பிளாஸ்டிக் குழாய். அடியில் ஒரு மரத்துண்டு வழியாகப் பம்பு காற்றைத் தள்ளும். பொடிப்பொடியாய்க் குமிழ் கிளம்பும்... தண்ணீரில் உள்ள அழுக்கு நுரையாகி மேலே ஏறி ஒரு கப்பில் விழும்.

காற்று குறைந்தால் நுரை ஏறாது. கூடினால் அழுக்கோடு தண்ணீரும் பொங்கி வழிந்துவிடும்.

முதல் பம்பு நல்ல பலம். ஆனால் அதன் இரைச்சல் கேட்டதும் அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுப்படி மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். அக்கா உடனே நிறுத்திவிட்டார். அடுத்து வாங்கியது சத்தமே இல்லாதது... நுரை பாதிக் குழாய்க்கு மேல் வரவில்லை. மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

சம்பளம் வாங்கிய கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனார். கடையில் இருந்த பம்பு ஒவ்வொன்றையும் ஓட விட்டு, கண்ணை மூடிக் காதில் வைத்துப் பார்த்தார். பம்பு வாங்க வந்தீர்களா, ரேடியோ கேட்க வந்தீர்களா என்று கடை முதலாளி தவுக்கே மலாயில் கேட்டார். அக்கா சிரிக்கவில்லை.

கடைசியில் ஒன்றை எடுத்தார். "இது உறுமல. முணுமுணுங்குது. இது அவருக்கு ஆகும்."

வீட்டில் அதைக் கயிற்றில் கட்டி, சுவரில் படாமல் தொங்க விட்டார். நுரை ஏறியது. அண்ணன் எழுந்து போகவில்லை.

ஒரு நாள் அக்கா டூட்டி முடிந்து வந்து பார்த்தால் நுரை விழுந்து கிடக்கிறது. கப் காலி. பம்பு ஓடுகிறது. மரத்துண்டும் புதுசு. குனிந்து பார்த்தால் தண்ணீர் மேல் எண்ணெய் மினுக்கம்... திரும்பினால், அண்ணனின் சட்டைக் கை முழங்கை வரை ஈரம்.

தினமும் வேலைக்குப் போகுமுன் அக்கா அண்ணன் தலையில் எண்ணெய் தடவி வாரிவிட்டுத்தான் கிளம்புவார். அந்தத் தலையைத் தடவிய அண்ணனின் எண்ணெய்க் கை. எண்ணெய் பட்டால் நுரை நிற்காது.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"சரசு, அவரு தொட்டிக்குள்ள கைய விட்டிருக்காருடி."

"நுரை போச்சாக்கா?"

"போனா போவுதுலா... அவரா எந்திரிச்சிப் போயிருக்காரு."

அப்படியே அழுதார். போர்டில் லைட் மின்னிக்கொண்டே இருந்தது. அவருக்கு வந்த அழைப்புகளையும் நானே எடுத்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போயிருந்தேன். கப் வழிந்துகொண்டிருந்தது. காற்றைக் குறைக்கலாமென்று வால்வில் கை வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "கொஞ்சமா."

அந்தோணி அண்ணன்.

"கொஞ்சமா திருப்பும்மா. ரொம்ப திருப்பிட்டா ஏறாது."

அடுப்படி வாசலில் அக்கா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அசையவே இல்லை.

அதன் பிறகு ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார். மேரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் ரொம்ப காலம் கொடுத்து வைக்கவில்லை... ஒரு மத்தியானம் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பெட்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். ஜெபம் ஆரம்பிக்கும்போது சத்தமாக இருக்கிறதென்று ஒரு பெரியவர் பம்பு வயரைப் பிடுங்கிவிட்டார்.

அதுவரை சிலை மாதிரி இருந்த அக்கா எழுந்தார்.

"போடுங்க மாமா."

"ஜெபம் முடியட்டுமே ஸ்டெல்லா."

"வேணாம். அது நின்னா அவரு பயப்படுவாரு."

அக்காவே முட்டி போட்டு வயரைச் சொருகினார். அந்த முணுமுணுப்போடுதான் ஜெபம் நடந்தது.

அடக்கம் முடிந்து சில நாளில் மீன்களைக் கடைக்கே கொடுத்துவிட்டார். தொட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தபோது நான் கூட இருந்தேன்.

பிறகு மேரியைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். எனக்குப் போன் செய்தால் எல்லாக் கதையும் பேசுவார். அண்ணனைப் பற்றி மட்டும் பேச மாட்டார். நானும் கேட்டதில்லை.

மத்தியான பஸ்ஸில் ஜொகூரிலிருந்து கிளம்புகிறேன். நான் வந்து சேரும்வரை பெட்டியை மூட வேண்டாமென்று மேரியிடம் சொல்லியிருக்கிறேன்.

வாரேன்க்கா...