ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல கை

மூன்றாவது முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் பட்டறைக்காரரின் வலது கையில் கறுப்பு போகவில்லை. நகக்கண்களில் இரும்புத்தூள் குடியேறி முப்பது வருடமாகிறது. கையில் அழுக்கு இருந்தால் தசைத் துடிப்பை அளக்கத் தோலில் ஒட்டும் வில்லைகள் நிற்காது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்ததும் அவர் நேராகப் போவது கைகழுவும் இடத்துக்குத்தான். "பொண்டாட்டி சொல்லிக்கூட நான் இப்படிக் கழுவினதில்லைம்மா."

கட்டையான ஆள். இரும்பு அறுக்கும் இரைச்சலில் காது பாதி போய்விட்டதால், எதிரில் இருப்பவரிடமும் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். எந்த நாற்காலியிலும் உட்காருவதற்கு முன் குனிந்து அதன் அடிப்பக்கத்து வெல்டிங் ஒட்டைப் பார்ப்பார். ஆராய்ச்சிக்கூடத்து நாற்காலியை முதலில் பார்த்தபோது, "ஒட்டு சுமார்தான். தம்பி பார்த்தா சிரிப்பான்" என்றார். இப்போதும் பார்க்கிறார். "சிரிச்சிருப்பான்" என்கிறார்.

தம்பிதான் வெல்டர். இவர் அறுப்பார், தேய்ப்பார், வாடிக்கையாளரிடம் சத்தம் போடுவார். தம்பி வாயைத் திறக்காமல் ஒட்டுவான். அந்தத் தம்பியின் கையிலிருந்து முதலில் நழுவியது குறடு. அப்புறம் வெல்டிங் கம்பி. ஒருநாள், பாதி வேலையில் இருந்த கதவுச் சட்டம். நரம்பும் தசையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகும் நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து இருக்கிறதா என்று கேட்டதற்கு நேரடியாகப் பதில் வரவில்லை. நோயை ஆராய்கிறவர்கள்தான் அண்ணனையும் கூப்பிட்டார்கள்: ஒப்பிட்டுப் பார்க்க, ஏறக்குறைய அதே வயதில், ஒரு நல்ல கை வேண்டும், இரண்டு வருடம் வர வேண்டும்.

தலைக்குப் பக்கத்தில் காந்தம் வைக்கிற சோதனை. உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது.

"கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் விழுந்திருக்கா?"

"விழாத நாள் எதும்மா?"

அண்ணன் தம்பி இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சின்னக் கட்டையை வைத்து லேசாக அழுத்தியபடி இருக்க வேண்டும். தசை வேலை செய்வது திரையில் துடிக்கும் கோடாகத் தெரியும். டாக்டரம்மா எட்டு வடிவக் காந்த வளையத்தைத் தலையின் இடப்பக்கம் பிடிப்பார். 'டக்' என்று ஒரு சத்தம். விரல் ஒரு துள்ளு துள்ளும். உடனே கோடு, கண் சிமிட்டும் நேரத்துக்குச் செத்துப்போய்ப் படுத்துவிட்டு மறுபடி துடிக்கும். மூளைக்குத் தசையை ஓட்டுகிற வேலை மட்டுமல்ல, நிறுத்துகிற வேலையும் இருக்கிறது. அதைத்தான் அளக்கிறோம் என்றார் டாக்டரம்மா. அண்ணனுக்குக் கோடு படுத்திருக்கும் அந்த அமைதி நீளமாக வந்தது. நோயில் அந்த நிறுத்தும் வேலை தளர்ந்திருந்த தம்பிக்குக் குட்டையாக வந்தது.

"எங்கண்ணன சும்மா இருக்க வைக்க உங்க காந்தத்தாலதான் முடியுது" என்று தம்பி சொல்ல, டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

ஆனால் முதல் நாள் நடந்தது வேறு. 'டக்' என்றதும் பட்டறைக்காரர் பதறிக் கத்தினார்: "நான் விடலைம்மா! அழுத்திக்கிட்டுத்தான் இருந்தேன். கையே விட்டுடுச்சு!"

சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பி மெதுவாகச் சொன்னான்: "இதைத்தாண்ணே நான் அன்னைக்குச் சொன்னேன்."

அன்றைக்கு என்றால், கதவுச் சட்டம் விழுந்த அன்று. நோய் என்று யாருக்கும் தெரியாத நேரம். வாடிக்கையாளர் முன்னாலேயே, "பிடிக்க மனசில்லைன்னா வீட்ல போய்ப் படு" என்று கத்தியிருந்தார். தம்பி, "நான் விடலைண்ணே" என்றான். "அப்போ சட்டம் தானா பறந்துச்சா?" என்றார் இவர்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். டாக்டரம்மா இருக்கிறாரே என்று விட்டுவிட்டார். வீட்டில் தம்பி மனைவி இருந்தாள். பஸ்ஸில் கூட்டம். பதினான்கு மாதம் இப்படியே போயிற்று. தம்பியும் போய்விட்டான்.

அதன் பிறகும் பட்டறைக்காரர் ஒரு தவணை தவறாமல் வந்தார். இன்றைக்குத்தான் கடைசி. வில்லைகளைப் பிரித்ததும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, அவன் கடைசியா வந்தப்போ எடுத்தது இருக்கா? அன்னைக்கு... அவன் அழுத்திக்கிட்டுத்தான் இருந்தானா?" அவர் இவ்வளவு தணிந்து பேசி டாக்டரம்மா கேட்டதில்லை.

டாக்டரம்மா தேடி எடுத்துத் திரையில் காட்டினார். "இங்க பாருங்க, காந்தம் தட்டுறதுக்கு முன்னாடி. லேசா அழுத்தினா போதும்னுதான் சொன்னேன். அந்த லேசுக்கே அவர்கிட்ட இருந்த பலம் எல்லாத்தையும் போட வேண்டியிருந்துச்சு. இருபது தடவை எடுத்தோம். ஒரு தடவைகூட அவரா விடலை."

பட்டறைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

"இதை ஒரு தாள்ல எடுத்துத் தருவீங்களா?"

தாள் வந்தது. ஆராய்ச்சித் தாள்களில் பேர் போடுவதில்லை. மேலே 'நோயாளி 11' என்று மட்டும் இருந்தது. அவர் டாக்டரம்மாவிடம் பேனாவைக் கேட்டு வாங்கினார். தாளை மேசையில் வைத்து, 'நோயாளி' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் மேல் எழுத்து எழுத்தாக 'வெல்டர்' என்று எழுதினார்.