நாற்பத்தொரு நாள் குசினி

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் வாழைச் சருகாலும் கடற்பாசியாலும் ஒரு சமையல்கட்டைக் கட்டி, அதற்குள் கருப்பட்டியில் செய்த அம்மி ஒன்றையும் போட்டுவிட்டு, அது அழுகுவதைப் பார்ப்பதற்காக எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தவர் கஸ்பார் மச்சாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருடம், மாசி மாதம். அவருக்கு வயது அறுபத்தொன்று. மனைவி பிளாரன்ஸ் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அழுகுவதைப் பார்ப்பது அவருக்குப் புதிய வேலை இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அதுதான் அவருடைய உத்தியோகம். கடலிலிருந்து வந்த சிப்பியை யாரும் உடனே உடைத்துப் பார்ப்பதில்லை. வேலி அடைத்துக் குவித்துப் போட்டுவிடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்து தண்ணீராகப் போகும். அப்புறம் கழுவினால் முத்து அடியில் தங்கும். அவசரப்பட்டு முன்னாலேயே கை வைத்தால் சின்ன முத்தெல்லாம் சதையோடு போய்விடும். அதுவரை குவியலுக்குக் காவல் வேண்டும். கஸ்பார் அந்தக் காவல்காரர். மூக்கை ஒரு தடவை இழுத்தால் போதும், இது ஆறாம் நாள் குவியல், இது ஒன்பதாம் நாள் என்று சொல்லிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் நடந்த கடைசிக் குளிப்பில் கொண்டைக்கடலைப் பருமன் முத்து ஒன்று வேலி இடுக்கு வழியாக உருண்டு வந்து அவருடைய கால் பெருவிரலில் முட்டியது. சுற்றுமுற்றும் ஆள் இல்லை. கஸ்பார் எழுந்து நின்று, "ஓய், இங்கன ஒரு முத்து வெளிய வந்து கெடக்கு, யாராவது வந்து எடுங்கவே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எடுக்க நாலு பேர் ஓடி வந்தார்கள். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'யோக்கியன் கஸ்பார்' என்று பெயர். பாதி மரியாதை, பாதி கேலி. குளிப்பு நின்றுபோன பிறகு உப்பு அம்பாரத்துக்கும் பஞ்சுக் கிட்டங்கிக்கும் அவரைக் கூப்பிட்டுக் காவல் போட்டதெல்லாம் அந்தப் பெயருக்காகத்தான்.

பிளாரன்ஸ் இறந்த அன்று அவர் வேம்பாரில் யாரோ ஒருவருடைய உப்புக்குக் காவல் இருந்தார். தகவல் மறுநாள் மதியம் பஸ்ஸில் வந்தது. அவர் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்து, வீட்டைக் கழுவியும் விட்டிருந்தார்கள். ஈரத்தரையில் வழுக்கிவிடாமல் பார்த்து நடக்கும்படி யாரோ சொன்னார்கள்.

ஒரு வாரம் குசினிக்குள் உட்கார்ந்திருந்தார். அவர்கள் வீட்டில் அடுப்படியைக் குசினி என்றுதான் சொல்வது. உள்ளே பிளாரன்ஸின் அலுமினியச் சட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பித்தளைக் குத்துப்போணி, எவர்சில்வர் தம்ளர், கல் அம்மி எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரம் அவருக்கு அந்தச் சட்டிகள் மேல் கோபம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடமாடினார். சட்டியோடு பேச்சுவார்த்தை இல்லை என்று பக்கத்து வீட்டு மீன்காரி பேச்சித்தாயிடம் சொல்லவும் செய்தார்.

மூன்றாவது வாரம் வேலையை ஆரம்பித்தார். அழுகக்கூடிய குசினி ஒன்று செய்ய வேண்டும். அளவு, இடம், சாமான் வைத்திருக்கும் ஒழுங்கு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஆணி, கல், இரும்பு கூடாது. வலைக்காரர்கள் புதிதாகக் கொண்டுவந்திருந்த நைலான் கயிறு கூடவே கூடாது, "அது நம்ம எல்லாரையும் அடக்கம் பண்ணிட்டுத்தான் போவும்." வீட்டின் பின்புறம் பரீட்சை நடந்தது. பனையோலையைப் புதைத்து வைத்துப் பார்த்தார். வெள்ளி வந்து வெள்ளி போயிற்று, ஓலை அசையவில்லை. ஓலைச்சுவர் ஒரு வருடம் நிற்கும், அது பேராசை என்று தள்ளிவிட்டார். சிரட்டை அகப்பையும் அப்படித்தான். மாவில் பானை செய்தார். அது புளித்துப் பொங்கி இரண்டாம் நாளே வெடித்தது. அவ்வளவு அவசரமும் ஆகாது.

கடைசியில் மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டார். மூன்று நாள் சாமான், பத்து நாள் சாமான், நாற்பது நாள் சாமான். உடன்குடிக் கருப்பட்டியை உருக்கி அம்மியும் குழவியும். சுடாத ஆற்றுமண்ணில் அடுப்பும் சோற்றுப்பானையும். சட்டிகளுக்கு, குடைந்து கவிழ்த்த பூசணி. அகப்பைக்குச் சுரைக்காய். உப்புச் சாடிக்கு வாழைத்தண்டு. அருவாமனையின் அலகுக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. பேச்சித்தாயின் கூடையில் நீளமாகப் பளபளத்துக் கிடந்த வாளை மீனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"குழம்புக்கா அண்ணாச்சி?" என்றாள்.

"அருவாமனைக்கு."

"அருவாமனையில வச்சு நறுக்கவா?"

"அருவாமனையே இதுதான்."

பேச்சித்தாய் கூடையை இறக்கி வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிளாரன்ஸுக்கு இருபது வருடச் சிநேகிதி அவள். "எக்கா போனதுல இருந்து நீரு ஒழுங்கா ஒருவேளை தின்னு நான் பாக்கல. இதுல மீன வச்சு காய் அறுக்கப் போறீராக்கும்" என்றாள். ஆனால் இருப்பதிலேயே நல்ல வாளையாகப் பார்த்துக் கொடுத்தாள்.

கட்டி முடித்த அன்று பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார். "இது சித்திரமும் இல்ல, சிலையும் இல்ல. என்னன்னுவே சொல்ல?" என்றார்.

"குசினின்னு சொல்லும்."

"யாருக்கு?"

"போறதுக்கு."

மாஸ்டர் சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

கருப்பட்டி அம்மியை எறும்புகள் மூன்று நாளில் கொண்டுபோயின. கஸ்பார் கண் எடுக்காமல் பார்த்தார். அம்மியில் பிளாரன்ஸ் கை ஊன்றும் இடம்தான் முதலில் குழிந்தது. அதற்குள் வாளை மீனும் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. ஏழாம் நாள் பூசணியும் சேர்ந்துகொள்ள, வாடை திரேஸ்புரத்தைத் தாண்டிப் பெரிய கோவில் தெருவரை போயிற்று.

எந்த ஊராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியிருப்பார்கள். தூத்துக்குடியில் நாற்பது வயது தாண்டிய அத்தனை பேரும் மூக்கை நிமிர்த்தினார்கள். பதின்மூன்று வருடமாக வராத வாடை. கரையில் வந்து பார்த்தால் வேலி மாதிரி ஒரு சுவர், உள்ளே ஏதோ அழுகுகிறது, எதிரே முக்காலியில் யோக்கியன் கஸ்பார். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"முத்து எதுவும் இல்லவே. இது எம் பெஞ்சாதி குசினி" என்று வந்தவர்களிடமெல்லாம் கஸ்பார் சொன்னார்.

"சரி சரி அண்ணாச்சி. நாங்க யாருட்டயும் சொல்லல" என்று அவர்களும் சொன்னார்கள்.

பத்தாம் நாள் டீக்கடை வந்தது. பதினோராம் நாள் சர்க்கார் வந்தது. கடல் முத்தெல்லாம் சர்க்காருக்குச் சொந்தம் என்பதால் மீன்துறை ஆய்வாளர் நல்லக்கண்ணு ஜீப்பில் வந்து இறங்கினார். குசினியைச் சுற்றிக் கயிறு கட்டி, அய்யாக்குட்டி என்ற போலீஸ்காரரைத் துப்பாக்கியோடு நிறுத்தினார். சிப்பி எங்கே, எப்போது, யார் அனுமதியில் எடுத்தது என்று விசாரித்தார்.

"சிப்பியே இல்ல சார். உள்ள பாத்துக்கிடும்."

நல்லக்கண்ணு எட்டிப் பார்க்கப் போய், வாடை தாங்காமல் பின்வாங்கினார். "பாதி அழுகல்ல கையை வச்சு முத்து கெட்டுதுன்னா யாரு பதில் சொல்ல? முழுசா ஆவட்டும்" என்றார். கஸ்பாருக்கு அது ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது. அவர் வேண்டியதும் அதுதான், முழுசாக ஆக வேண்டும். அவரும் அய்யாக்குட்டியும் ஆளுக்கு ஒரு பக்கமாகக் காவல் இருந்தார்கள். சுடாத பானை பனியில் நெகிழ்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்ததை இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தார்கள்.

"எந்தப் பக்கமாவே உருளும்?" என்று அய்யாக்குட்டி கேட்டார்.

"முத்தா?"

"பானையக் கேக்கேன்."

பதினெட்டாம் நாள் காயல்பட்டினத்திலிருந்து மூஸா நெய்னா வந்தார். பழைய முத்து வியாபாரி, எத்தனையோ குளிப்பில் குவியல் ஏலம் எடுத்தவர். காரிலிருந்து இறங்கி, கயிற்றுக்கு இந்தப்புறம் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "சிப்பி வாடையே இல்லையே. பூசணி வருது. வாளை வருது. அல்லா மேல ஆணையா, இதுல ஒரு ஓடு கூடக் கெடையாது" என்றார்.

நல்லக்கண்ணுவின் முகம் தொங்கிப்போயிற்று. முத்து இல்லையென்றால் அது வெறும் அழுகல், சுகாதாரப் பிரிவின் சங்கதி. சுகாதார மேஸ்திரி இன்பமணி பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு வாரமாக இந்த அழுகலை அள்ள விடவில்லையே என்று அவருக்கு ஆத்திரம். "காலையில லாரி வரும். பிளீச்சிங் பவுடர் போட்டு எடத்தைச் சுத்தமா ஆக்கிருதேன்" என்றார்.

கஸ்பார் முக்காலியிலிருந்து எழுந்தார். உள்ளே சட்டிகளில் இரண்டு இன்னும் பூசணியாகவே இருந்தன. அடுப்பு அப்படியே இருந்தது. அருவாமனையில் முள் மட்டும் நின்றது, ஆனால் நின்றது. கழுவின வீடு ஒன்றை அவர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டார்.

"ஒண்ணு இருக்கு" என்றார்.

"என்னது?" என்றார் நல்லக்கண்ணு.

"முத்து. ஒண்ணு இருக்கு. ஆனா நாப்பது நாளாவும். இப்பத் தொட்டா போயிரும்."

இத்தனை நாளும் அவர் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. இப்போது எல்லாரும் மூஸா நெய்னாவைப் பார்த்தார்கள். அவர் கஸ்பாரை உற்றுப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், கைக்குட்டையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வயசாச்சுல்லா? என் மூக்கு பொய் சொல்லிரும். கஸ்பாரு சொல்லமாட்டான்" என்றார்.

லாரி வரவில்லை. துப்பாக்கி இரண்டாயிற்று. அன்று மாலை பேச்சித்தாய் கூடையோடு வந்து முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொய்தான?" என்றாள் மெல்ல.

"ஆமா."

"முடிஞ்ச பொறவு என்ன செய்வீரு? ஒரு முத்துக்கு எங்க போவீரு?"

"தெரியல."

"அறுவது வயசுவரை ஒரு பொய் சொல்லாத மனுசன். முதப் பொய்யைப் போலீஸ்காரன் முன்னால வச்சா சொல்லுவீரு? எங்கிட்ட கேட்டிருந்தா நல்லதா ரெண்டு சொல்லிக் குடுத்திருப்பேன்லா?"

அதன்பின் இருபத்திரண்டு நாள் கஸ்பார் நிம்மதியாகப் பார்த்தார். பூசணிச் சட்டிகள் உட்கார்ந்து, தோலாகி, தோலும் காணாமல் போயின. சுரைக்காய் அகப்பையில் வண்டு குடியிருந்தது. வாழைச்சுவர் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போக, அய்யாக்குட்டி ஒவ்வொரு சருகையும் துரத்திப் பிடித்து, முத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பறக்க விட்டார். பங்குனிப் பௌர்ணமித் தண்ணீர் ஏறி வந்து அடுப்பின் மூன்று குமிழையும் நக்கிப் போயிற்று. பிளாரன்ஸ் நிற்கும் இடம், குனியும் இடம், கை துடைக்கும் இடம் எல்லாம் ஒவ்வொன்றாக மணலாவதை அவர் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. சாப்பிடக்கூட முக்காலியை விட்டு எழவில்லை. பேச்சித்தாய்தான் தூக்குவாளி கொண்டுவந்து கொடுத்தாள்.

நாற்பத்தோராம் நாள் காலையில் மூக்கை இழுத்துப் பார்த்தார். கடல் வாடை மட்டும் இருந்தது.

"ஆயிட்டு" என்றார்.

நானூறு பேர் பார்த்திருக்க, நல்லக்கண்ணு முன்னிலையில் அந்த இடத்து மணலை ஒரு முழ ஆழத்துக்கு அள்ளி, சல்லடை போட்டு, ஏழு தண்ணீரில் கழுவினார்கள். கடைசிச் சல்லடையில் ஒரு வாளை முள்ளும் மூன்று எறும்பும் இருந்தன. முத்து இல்லை. கூட்டத்துக்குள் யாரோ, "முழுங்கிட்டான்" என்றார்கள்.

குளிப்புக் காலத்திலேயே முத்தை விழுங்குகிறவர்கள் உண்டு, அதற்கு வைத்தியமும் உண்டு. கஸ்பாரை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கட்டிலில் போட்டு, விளக்கெண்ணெய் கொடுத்து, அய்யாக்குட்டியைப் பேதிச்சட்டிக்குக் காவல் வைத்தார்கள். மூன்று நாள். சட்டியில் முத்துக்கு உண்டான எதுவும் இல்லை என்று நான்காம் நாள் எழுதிக் கொடுத்து விட்டுவிட்டார்கள். கிட்டங்கிக்காரர்கள் இனிக் காவலுக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். டீக்கடையில் மட்டும் பெஞ்சில் அவருக்கு முன்னைவிட அதிக இடம் விட்டார்கள். யோக்கியனைக் கேலி செய்த வாய்கள், இவ்வளவு பேரை ஏய்த்த ஆளைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றன.

ஆஸ்பத்திரிப் படியில் பேச்சித்தாய் சோற்றோடு காத்திருந்தாள். கஸ்பார் முழுத் தூக்குவாளியையும் காலி செய்தார். பிளாரன்ஸ் போனபின் அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

"எல்லாம் போயிட்டா?" என்று அவள் கேட்டாள்.

"போயிட்டு. பாத்துக்கிட்டேன்."

சர்க்கார் அவ்வளவு சீக்கிரம் விடுமா? முத்து குடலில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று நல்லக்கண்ணு மேலே எழுத, மேலேயிருந்து கண்காணிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தினமும் விடியும்போது கஸ்பார் செம்பை எடுத்துக்கொண்டு உடைமரக் காட்டுப் பக்கம் ஒதுங்கப் போவார். முப்பது அடி பின்னால் அய்யாக்குட்டி வெட்கத்தோடு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு நடப்பார். சித்திரை முழுக்க இது நடந்தது. ஒருநாள் பாதி வழியில் கஸ்பார் நின்று திரும்பினார்.

"என்னவே அம்புட்டுத் தூரத்துல வாரீரு? பக்கத்துல வாரும். ஒத்தையில நடக்க எனக்கும் பேச்சுத்துணை இல்ல" என்றார்.

அய்யாக்குட்டி குச்சியைக் கீழே போட்டுவிட்டு, நாலு எட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார்.