காளான் டாக்டர் வீட்டு இருமல்

சந்தையில் அவள் கணவனுக்குக் காளான் டாக்டர் என்று பெயர். படித்து வாங்கிய பட்டமில்லை, வாயால் சம்பாதித்தது. கடை முன்னால் யாராவது நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"காளான்ல புரதம் இருக்கு, நார்ச்சத்து இருக்கு, கொழுப்பு இருக்குற இடமே தெரியாது. சர்க்கரைக்காரங்க தாராளமா சாப்பிடலாம். காளான் குடையைக் கவுத்துக் கொஞ்ச நேரம் வெயில்ல வச்சு எடுங்க, வைட்டமின் டி ஏறும். எலும்புக்கு நல்லது."

இதுவரை பெரிய பொய் எதுவும் இல்லை. கூட்டம் சேர்ந்துவிட்டால்தான் மூட்டுவலி, முடி உதிர்வது, தீராத இருமல் எல்லாவற்றையும் காளானே பார்த்துக்கொள்ளும்.

அதை வளர்ப்பது அவள். ஜன்னலில் சாக்கு அடித்து இருட்டாக்கிய பின்னறையில், வைக்கோல் திணித்த பைகள் கயிற்றில் தொங்கும். பையின் துளைகளில் சிப்பிக்காளான் கொத்துக் கொத்தாகப் பிதுங்கி நிற்கும். தண்ணீர் தெளிக்க வேண்டும். குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருள்வதற்குள் திருகி எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால், குடைக்கு அடியிலிருந்து மாவு சலித்தது போல வெள்ளைத் தூள் உதிர்ந்து தரையெல்லாம் படியும். பெருக்குவதும் அவள்தான். "உனக்குத்தான் கைராசி. நான் உள்ள போனா வாடிடும்" என்பான். ஆரம்பத்தில் இதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்தது உண்மை.

பிறகு இருமல் வந்தது. பறித்த நாளெல்லாம் சாயங்காலம் காய்ச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஊருக்கே மருந்து சொல்கிறவன் வீட்டில் வேறு என்ன நடக்கும்? காளான் சூப்தான். மிளகு தூக்கலாகப் போட்டு அவனே வைத்துக் கொடுத்தான். குடித்தாள், இருமினாள், மறுபடி உள்ளே போனாள். போகப்போக உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. யாராவது "எப்படி இருக்கே?" என்றால் பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்கிறார்களோ என்று நினைக்கும் அளவுக்கு மரத்துப்போயிருந்தாள்.

பார்க்க வந்த அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே படம் எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள்.

"என்ன வேலைம்மா செய்றீங்க?" என்றார் டாக்டரம்மா. காளான் டாக்டர் வீட்டுக்காரி என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"அதான் விஷயம். அந்த வெள்ளைத் தூள் உங்க நுரையீரலுக்கு ஒத்துக்கல. இனிமே அந்த ரூம் பக்கமே போகாதீங்க. போனீங்கன்னா நுரையீரல் தழும்பாயிடும், அப்புறம் எந்த மாத்திரையும் கேக்காது."

"அப்ப காளானே கெட்டதா?"

"சேச்சே! நல்லா வேகவச்சுச் சாப்பிட்டா நல்ல சாப்பாடு. நானே உங்க வீட்டுக்காரர்கிட்டதான் வாங்குறேன். மூச்சுல போறதுதான் ஆகாது."

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் கூடை அடுக்கிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"காளான் வளர்க்கப் பயிற்சிக்குப் போனேன்ல, அங்கயே சொன்னாங்க. சில பேருக்கு ஒத்துக்காது, மூக்கைக் கட்டிக்கிட்டுதான் உள்ள போகணும்னு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேங்க."

"சொன்னா நீ பயந்துடுவே. அப்புறம் யாரு உள்ள போறது?"

கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரட்டும் என்று காத்திருந்தாள், வரவில்லை. காய்ந்த துணிகளை மடித்தாள். அவனுக்குச் சோறு போட்டாள். உப்பு கம்மி என்றான், உப்பை எடுத்து வைத்தாள். படுத்ததும் தூங்கியும் போனாள்.

காலையில், "இனிமே நான் உள்ள போகல" என்றாள். குரல் தட்டையாக இருந்தது.

அவன், "சரி, நானே பாத்துக்கறேன்" என்று எழுந்தான். பின்னறை வாசலில் நின்று தோளில் கிடந்த துண்டை உதறினான். நீளவாக்கில் நான்காக மடித்தான். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, பக்கத்தில் இடைவெளி இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, காதுக்குப் பின்னால் இழுத்து இறுக்கமாக முடிச்சுப் போட்டான். போதாதென்று அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டுக்கொண்டான்.

பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.